பதினோராவது குடையின் கடைசித் தாள்

அத்தியாயம் 7

"கொலைகாரன் யாருன்னு தெரியாம நான் ஆபரேஷன் மேஜைல படுக்கறதா இல்ல" என்றார் தையல்காரர்.

சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பி, பக்கத்தில் நின்ற டயாலிசிஸ் மெஷினுக்குள் போயின. ஒன்றில் ரத்தம் போனது, இன்னொன்றில் சுத்தமாகித் திரும்பி வந்தது. மெஷினின் முகப்பில் 3:05 என்று எண் தெரிந்தது. இன்னும் மூன்று மணி ஐந்து நிமிடம் பாக்கி என்று அர்த்தம். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதால் நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது ஜீரோ ஆனதும்?" என்று கேட்டேன்.

"குழாயைக் கழட்டிட்டு அப்படியே நாலாவது மாடிக்குத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. என் தங்கச்சி மேல ஏற்கனவே அட்மிட் ஆயிட்டா. நாளைக்குக் காலைல அவ கிட்னி ஒண்ணு எனக்கு. அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சாகணும்."

அவர் நீட்டிய பாக்கெட் நாவலை என் மாமா வாங்கிக்கொண்டார். 'பதினோராவது குடை'. அட்டையில் மழை, மாடி வீடு, வாசலில் ஒரு குடை ஸ்டாண்ட். மொத்தம் தொண்ணூற்றாறு பக்கம். இதில் தொண்ணூற்று நாலோடு கதை நின்றுபோயிருந்தது. கடைசி வரி இப்படி: 'துப்பறிவாளர் ஈரம் சொட்டிய பதினோரு குடைகளையும் இன்னொரு முறை எண்ணிவிட்டுத் திரும்பினார். நீங்கள் பத்துப் பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். இவரைக் கொன்றது'

அதற்கப்புறம் பின்னட்டைதான். கடைசித் தாளைக் காணோம்.

"கொலை நடந்தது புத்தகத்துல. திருட்டு நடந்தது இந்த வார்டுல" என்றேன். "எங்க ஆபீஸ்ல திருட்டை மட்டும்தான் எடுத்துக்குவோம். கொலைன்னா ரேட் வேற."

தையல்காரர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. நான்கு மாதமாக அவர் எதற்குமே சிரிப்பதில்லை. நான் மட்டும் கடையைச் சாத்தாமல் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் சந்தோஷத்தில் அல்ல, பழக்கத்தில்.

யார் நாங்கள் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. வாசலில் 'புலன் விசாரணை' என்று பலகை. உள்ளே மேஜையில் மாமா, அதாவது என் அக்கா புருஷன், ஸ்டூலில் நான். பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக, கால் உடைந்தது என்று கிளெய்ம் போட்டவர் பந்து விளையாடுகிறாரா என்று பார்க்கிற வேலை. என் அக்கா இதே டயாலிசிஸ் வார்டுக்கு மூன்று வருஷம், ஒன்றுவிட்டு ஒரு நாள், வந்து போனாள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், அப்படியே போய்விட்டாள்.

அதற்கப்புறம் மாமா இந்த ஆஸ்பத்திரி இருக்கிற தெருவில்கூட வண்டியைத் திருப்புவதில்லை. சுற்றிக்கொண்டு போவார். அதனால்தான் காலையில் வார்டின் சிஸ்டர் ஆபீசுக்குப் போன் பண்ணி, "புத்தகத்துல கடைசித் தாள் காணோம், கேஸா எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டபோது, இவர் வரமாட்டார் என்று நினைத்தேன். கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "போலாம்" என்றார். அவ்வளவுதான்.

"முதல்ல ஒரு குறுக்கு வழி" என்று நான் வார்டு வாசலில் நின்று பழைய புத்தகக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அந்த எழுத்தாளர் இறந்து முப்பது வருஷம் ஆகிறது. கட்டுக்கட்டாகக் கிடைக்கும் என்று நம்பினேன்.

"அவர் புத்தகமா?" கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "வந்த அன்னைக்கே போயிடும் சார். உயிரோட இருக்கற எழுத்தாளருங்க புத்தகம் வேணும்னா எவ்வளவு வேணாலும் இருக்கு. அள்ளிட்டுப் போங்க."

"குடை கதை?"

"அது மறுபதிப்பு வருது. அடுத்த மாசம்."

அடுத்த மாதம் வரைக்கும் தையல்காரரின் தங்கை கிட்னியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. உள்ளே திரும்பினேன்.

வார்டில் எட்டு நாற்காலிகள், எட்டு மெஷின்கள். நாலாம் நாற்காலி தையல்காரருடையது. ஜன்னலோரம் ஏழாவது. நடுவில் ஒரு தள்ளுவண்டி, அதில் புத்தகங்கள். மேல் தட்டில் தன்னம்பிக்கை நூல்கள் அச்சடித்த மணம் போகாமல் பளபளவென்று நின்றன. கீழ்த் தட்டில் இந்த எழுத்தாளரின் நாவல்கள், முனை மழுங்கி, முதுகு கிழிந்து, உப்பிப்போய். எந்தத் தட்டை நோயாளிகள் படிக்கிறார்கள் என்பதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை.

"ஏன் எல்லாரும் இவரையே படிக்கறாங்க?" சிஸ்டரிடம் கேட்டேன். ஐம்பது வயசு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம்.

"நாலு மணி நேரம் சார். நடுவுல பி.பி. பார்க்கணும், கொஞ்சம் கண் அசரும், கால்ல தசை பிடிக்கும். எல்லாம் போக, தொண்ணூத்தாறு பக்கம் கணக்கா இருக்கும். மெஷின் முடியறப்ப கதையும் முடியும்."

"இவரு மெஷினுக்குன்னே எழுதியிருக்காரு போல."

"அதுமட்டும் இல்ல. இவர் கதைல யாரும் அழ மாட்டாங்க. யாராவது செத்துக் கிடப்பாங்க. மத்தவங்க டீ குடிச்சுக்கிட்டு, யாரா இருக்கும்னு யோசிப்பாங்க. இங்க படுத்திருக்கறவங்களுக்கு அது வசதியா இருக்கு."

மாமா இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. தள்ளுவண்டியின் முன் முட்டி போட்டு உட்கார்ந்து, கீழ்த் தட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் தன் வழியில் போகட்டும் என்று நான் என் வழியில் போனேன். கதையைப் படித்த யாராவது கொலைகாரனைச் சொல்லிவிட்டால் தாளே தேவையில்லையே. தையல்காரரின் காதில் பஞ்சு வைக்கச் சொன்னேன். தப்பாகச் சொல்லிக் கதையைக் கெடுத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

இரண்டாம் நாற்காலியில் ரிட்டயரான பஸ் கண்டக்டர். "ரெண்டு தடவை படிச்சிருக்கேன். ஸ்டேஷன் மாஸ்டர்தான். சந்தேகமே வேண்டாம். ஈரச் செருப்போட மாடிப்படில நிப்பான் பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஐந்தாம் நாற்காலியில் பார்லர் நடத்துகிற அம்மா. ஊசி குத்தாத கையின் நகங்களில் மட்டும் சிவப்புப் பூச்சு. "ஸ்டேஷன் மாஸ்டரா? அவன் பாவம். செத்தவரோட நாத்தனார் ஒருத்தி வருவா இல்ல, அவதான். மூணு தடவை படிச்சேன்."

"செத்தவரு ஆம்பளை. அவருக்கு எப்படி நாத்தனார்?"

அந்த அம்மா யோசித்தார். "அப்ப அது வேற கதையா இருக்கும்."

சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "தம்பிதான். சொத்துக்காக" என்றார். டெக்னீஷியன், "நான் பாதியோட விட்டுட்டேன், யாருமே கொல்லலைன்னு நினைச்சேன்" என்றார்.

நான் கணக்கெடுத்தேன். நாலு சாட்சிகள், மூன்று கொலைகாரர்கள், ஒரு இயற்கை மரணம். ஆனால் ஒன்று கவனித்தேன். மழை எப்படிப் பெய்தது, ஸ்டாண்டில் ஈரம் சொட்டிய குடைகள் எத்தனை, சமையல்காரன் எந்தக் கையால் விளக்கைப் பிடித்திருந்தான் என்று எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது. யார் கொன்றது என்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அந்த மனுஷன் எப்படி எழுதினாரோ, முடிவைப் படித்த மறுநாளே மறக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். முப்பது வருஷமாக ஒரே ஆளிடம் ஒரே இடத்தில் ஏமாந்துபோக ஜனங்கள் வரிசையில் நிற்பதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

"மாமா, எல்லாரும் பொய் சொல்றாங்க. ஆனா யாருக்கும் பொய் சொல்றோம்னு தெரியல. இன்சூரன்ஸ்காரங்களைவிட மோசம்."

மாமா ஒரு புத்தகத்தை நீட்டினார். "கடைசித் தாளைப் பாரு."

பார்த்தேன். கடைசித் தாள் இருந்தது. ஆனால் ஒரு காலத்தில் கிழித்து எடுக்கப்பட்டு, பிறகு வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரியால் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. ஊசி அசையாமல் இருக்க இங்கே எல்லார் கையிலும் ஒட்டுகிற அதே பிளாஸ்திரி.

"பழைய புத்தகம். பசை விட்டிருக்கும்" என்றேன்.

"பசை விட்டா முதல் தாளும்தான் வரும்." இன்னொன்றை நீட்டினார். இன்னொன்றை. கீழ்த் தட்டில் இருந்த நாற்பத்திரண்டு நாவல்களிலும் கடைசித் தாள் மட்டும் பிளாஸ்திரியில் நின்றது.

"அப்ப இது திருட்டு இல்ல. கடன் வாங்கறது" என்றேன். "எடுத்துட்டுப் போய்த் திருப்பி ஒட்டியிருக்காங்க. நாப்பத்திரண்டு தடவை. இந்தக் குடை கதை மட்டும் திரும்பி வரல."

"பிளாஸ்திரி ஓரத்தைப் பாரு."

சிஸ்டர் பிளாஸ்திரியைக் கத்தரிக்கோலால்தான் வெட்டுவார். ஓரம் நேராக இருக்கும். இதில் ஓரம் ரம்பம் மாதிரி இருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தது.

"பல்லால ஏன் கிழிக்கணும்? ஒரு கை சும்மா இல்லைன்னா" என்றேன். என் மூளை இன்று நன்றாக ஓடுகிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது. "ஊசி குத்தின கை அசையக் கூடாது. ஒரே கைதான் இருக்கு. ஆக, வேலை செய்யறவங்க இல்ல. நோயாளி. மெஷின்ல இருக்கறப்பவே பண்ணின வேலை."

"ம்."

"சிஸ்டர், யார் எந்தப் புத்தகம் எடுத்தாங்கன்னு நோட்டு இருக்கா?"

இருந்தது. கட்டம் போட்ட நீள நோட்டு. ஆனால் அதில் ஆள் பெயரோ தேதியோ கிடையாது, நாற்காலி எண்தான். இந்த வார்டில் எல்லாமே நாற்காலி எண்தான். எடை, பி.பி., மருந்து, புத்தகம், எல்லாம். நாற்பத்திரண்டு நாவல்களையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு புத்தகத்தைப் பலர் எடுத்திருந்தார்கள். ஆனால் நாற்பத்திரண்டையும் எடுத்தது ஒரே நாற்காலி. குடை கதையைத் தையல்காரருக்கு முன் கடைசியாக எடுத்ததும் அதே நாற்காலிதான். ஏழு.

"மாட்டினான்" என்று நோட்டை மூடினேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, மாமாவைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கண்ணாடியைத் தேடினார். கண்டக்டரும் பார்லர் அம்மாவும் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏழாம் நாற்காலியில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்து முக்காலியில் பேப்பரிலிருந்து கிழித்த துண்டுகள். ராசிபலன், குறுக்கெழுத்து, தீர்ப்புச் செய்திகள். கிழிக்கிற பழக்கமுள்ள ஆள். இதைவிட என்ன வேண்டும்?

"கடைசித் தாள் எங்க சார்?" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "எந்தத் தாள்?"

"நாப்பத்திரண்டு புத்தகம். நாப்பத்திரண்டு தடவை ஏழாம் நாற்காலி. நோட்டுல இருக்கு. நாலாம் நாற்காலிக்காரர் நாளைக்கு ஆபரேஷனுக்குப் போறாரு. கொடுத்துட்டீங்கன்னா கேஸ் இல்ல."

குமாஸ்தா கோபப்படவில்லை. நிதானமாக, கோர்ட்டில் மனுப் படிக்கிற குரலில் சொன்னார். "நான் இந்த நாற்காலிக்கு வந்து நாலு மாசம்தான் ஆகுது. நாவல் படிக்கிற பழக்கமே எனக்கில்ல. ஒன்றரை வருஷம் வெளியில காத்திருந்தேன். எட்டு நாற்காலி, எட்டும் ஃபுல். யாராவது காலி பண்ணினாத்தான் அடுத்தவனுக்கு இடம். காலி பண்றதுன்னா ரெண்டே வழிதான். இவரை மாதிரி நாலாவது மாடிக்குப் போகணும், இல்லைன்னா..." நிறுத்தினார். "யாரு காலி பண்ணினாங்கன்னு இங்க கேக்கக் கூடாது. அது இந்த வார்டு வழக்கம். நானும் கேக்கல."

நாலு மாதம்.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா தள்ளுவண்டியின் அருகில் அப்படியே உட்கார்ந்திருந்தார், ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி.

மூன்று வருஷம் அக்காவை வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டது நான்தான். இறக்கிவிட்டு அப்படியே ஓடிவிடுவேன். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தது மாமாதான், ஒவ்வொரு தடவையும். அவள் எந்த நாற்காலியில் படுத்திருந்தாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. இந்த அறையில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான் என்று இப்போது புரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

சிஸ்டர் கிட்டே வந்தார். "போன்லயே கேட்டிருக்கலாம் சார். 'அவங்க பைல ஒரு தாள் இருக்கும், கொடுத்தனுப்புங்க'ன்னு. கேட்டா இவர் பையைத் திறந்திருக்க மாட்டாரு. கேஸ்னா வருவாருன்னு தோணுச்சு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"அவங்க கிழிக்கறப்ப நான்தான பிளாஸ்திரி கொடுப்பேன்" என்றார் சிஸ்டர். "இங்க இருக்கறவங்க எல்லாருமே எதையாவது மிச்சம் வெச்சுட்டுத்தான் போவாங்க. கண்டக்டர் ஒரு கதையைப் பாதியில நிறுத்துவாரு, மீதி அடுத்த தடவைன்னு. பார்லர் அம்மா ஒரு விரல்ல மட்டும் நகப்பூச்சு போட மாட்டாங்க. மிச்சம் இருந்தா திரும்பி வந்தாகணும் இல்ல, அதுக்கு. இவங்களுக்குக் கடைசித் தாள். புத்தகத்துலயே விட்டா மனசு கேக்காம படிச்சிடுவேன்னு கிழிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. அடுத்த தடவை இங்க வந்து, மெஷின் ஓட ஆரம்பிச்சதும் முதல்ல அதைப் படிச்சுட்டு, திருப்பி ஒட்டுவாங்க."

மாமா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "வண்டியை எடு" என்றார்.

மெஷினில் 1:20 என்று இருந்தது.

வீடு பதினைந்து நிமிடத் தூரம். வழியில் ஒரு ஜோக்கும் எனக்கு வரவில்லை. சிக்னலில் நின்றபோதுதான் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் மாமா?"

"நீ போனை வெச்சுட்டு 'கடைசித் தாள் காணோமாம்'னு சொன்னப்பவே."

"அப்புறம் எதுக்கு நாப்பத்திரண்டு புத்தகத்தைப் புரட்டினீங்க? என்னை வேற அந்தக் குமாஸ்தாகிட்ட விட்டீங்க?"

"வேற யாராவது எடுத்திருந்தா நல்லா இருக்குமேன்னு பார்த்தேன்."

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. நீலத் துணிப்பை. வெள்ளிக்கிழமை வந்து மாட்டினாள், திங்கட்கிழமை எடுத்திருக்க வேண்டும். நான்கு மாதமாகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது சுவரில் இடித்திருக்கும். அந்தச் சத்தத்தை இவர் தினமும் கேட்டுக்கொண்டே படுத்து எழுந்திருக்கிறார். நானும் இந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளும் அதை நான் தொட்டதில்லை.

மாமா பையைக் கட்டிலில் வைத்து ஜிப்பைத் திறந்தார். இன்சூரன்ஸ் கேஸில் சாமான்களைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். போர்வை. சாக்ஸ். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதால் ஐஸ் கட்டி போட்டுக்கொள்கிற சின்ன ஃபிளாஸ்க். பாதி தீர்ந்த பிளாஸ்திரிச் சுருள், ஓரம் கடித்தது. பென்சில். மூக்குக் கண்ணாடிக் கூடு.

கூட்டுக்குள் கண்ணாடியோடு அந்தத் தாள் இருந்தது. நாலாக மடித்து, படித்துவிடாமல் இருப்பதற்காகச் சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். மேலே பென்சிலில் அவள் கையெழுத்து: 'சமையல்காரன்தான். இந்தத் தடவை சத்தியமா.'

"இது என்ன?"

"பந்தயம்" என்றார் மாமா. "தாளை மடிக்கறதுக்கு முன்னாடி அவ ஒரு ஆளைச் சொல்லுவா. சரியா சொல்லிட்டா நான் அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவணும்."

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல."

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருந்தது. காலில் ரத்த ஓட்டம் நின்றால் இருக்குமே, அப்படி. மாமாவும் அப்படித்தான் நின்றார். பிறகு சாமான்களைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனவர், வைக்காமல், கட்டில்மேலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். பிளாஸ்திரிச் சுருளை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது மெஷினில் 0:22. தையல்காரரைத் தள்ளிக்கொண்டு போக நாலாவது மாடியிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றார்.

மாமா தாளைக் கொடுத்தார். தையல்காரர் பிளாஸ்திரியைப் பார்த்தார், பென்சில் எழுத்தைப் பார்த்தார். அவருக்கும் ஏழாம் நாற்காலியைத் தெரியும். பிரிக்காமல் மார்மேல் வைத்துக்கொண்டார்.

"சார், இதை நான் பிரிக்கல. இப்படியே என்கிட்ட இருக்கட்டும். ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சதும் படிக்கறேன். மிச்சம் இருந்தா..."

"வேண்டாம்" என்றார் மாமா.

அவர் அந்த அறையில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை என்று சிஸ்டர் பிறகு சொன்னார்.

"அவளும் மிச்சம் வெச்சா" என்றார் மாமா, இப்போது மெதுவாக. "நாப்பத்திரண்டு தடவை வந்து படிச்சா. நாப்பத்தி மூணாவது தடவை வரல. தாளுக்கும் வர்றதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க நல்லா ஆகி வருவீங்க, டாக்டருங்க பார்த்துக்குவாங்க. இதை இப்பவே படிச்சிடுங்க. சத்தமா படிங்க. எனக்கும் தெரியணும்."

தையல்காரர் ஒரு கையால் பிளாஸ்திரியைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் போய்ப் பிரித்துக் கொடுத்தேன். குழாய்கள் என் கண்ணுக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தன. தலை சுற்றவில்லை.

அவர் படித்தார். தையல் மெஷினில் காலை வைத்த மாதிரி ஆரம்பத்தில் திக்கி, பிறகு சீராக.

"'இவரைக் கொன்றது வெளியாள் என்று நினைத்து, பதினோராவது குடைக்கு ஆள் தேடினோம். அங்கேதான் தவறினோம். வீட்டில் இருந்தது பத்துப் பேர் அல்ல, பதினோரு பேர். செத்தவரை நாம் எண்ணவே இல்லை. அது அவருடைய குடை. நாள் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தார், நாலு மணிக்கு உயிர் பிரிந்தது என்று ஒருவர் சொன்னார், நம்பினோம். ஆனால் மழை பிடித்தது ஐந்து மணிக்கு. நாலு மணிக்குச் செத்தவரின் குடை எப்படி நனையும்? அவர் நடமாடியிருக்கிறார். மழையில் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்த பிறகுதான் கொல்லப்பட்டார். நேரத்தை மாற்றிச் சொன்னவர் ஒருவரே. டாக்டர், நீங்கள் உட்காரலாம்.'"

தையல்காரர் தாளைத் தாழ்த்தினார்.

"டாக்டர்தான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் கண்டக்டர்.

"எனக்கும்" என்றார் பார்லர் அம்மா.

சிஸ்டர் தலையில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். தையல்காரர் தாளை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார். "நல்ல மனுஷன்யா. இத்தனை வருஷம் கழிச்சும் முழுசா ஏமாத்திட்டான்" என்றார், அந்த எழுத்தாளரைப் பற்றி. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. குழாயைக் கழற்றினார்கள். வாசலில் நின்ற ஆள் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். போகும்போது தையல்காரர் எல்லாருக்கும் கையை அசைத்தார். யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை, அவரும் 'வரேன்' என்று சொல்லவில்லை.

மாமா தாளை வைத்துக்கொண்டு நின்றார். பென்சில் எழுத்தைப் பார்த்தார்.

"தப்பு" என்றார். "இந்தத் தடவையும் தப்பு."

அதைச் சொல்லும்போது உதடு கோணியது. சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அது நிற்கவில்லை. அவர் தோள் குலுங்கியது, மூச்சு வாங்கியது, நான்கு மாதமாக வராத கண்ணீர் வந்தது. யாரும் கூரையைப் பார்க்கவில்லை. குமாஸ்தா முக்காலியிலிருந்த பேப்பர் துண்டுகளைத் தன் மடிக்கு அள்ளிக்கொண்டு, இடம் செய்து கொடுத்தார். மாமா ஏழாம் நாற்காலியின் பக்கத்தில் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். அது அவர் மூன்று வருஷம் உட்கார்ந்த முக்காலி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்சம் தெளிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாவலைத் தொடைமேல் விரித்து, கடைசித் தாளை அதன் இடத்தில் வைத்தார். பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். சிஸ்டர் கத்தரிக்கோலை நீட்டினார்.

மாமா அதை வாங்கவில்லை. இரண்டு கையும் சும்மாதான் இருந்தன, இருந்தும் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.